விடையே இல்லாத கேள்விக்கு இரண்டு மதிப்பெண்: சி மொழிப் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: புதுச்சேரி, கடலூர் வட்டாரப் பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரிகளில் சி மொழிக்கும் எம்பெடட் (கருவிக்குள் பதித்த கணினி) ஆய்வகத்துக்கும் பாடத்திட்டம் வகுக்கும் குழுவினர்

அனுப்புநர்: சேதராப்பட்டு முதல் கடலூர் சிப்காட் வரை கன்ட்ரோலர் போர்டுகளுக்கு நிரல் எழுதியும் சோதித்தும் வருவோர் சிலர்

ஐயா, அம்மா,

வணக்கம். ஐ என்ற மாறியில் 5 இருக்கிறது. மாறியின் மதிப்பில் ஒன்று கூட்டும் குறி ‘++’. அப்படியானால் ‘ஐ++ + ++ஐ’ என்பதன் விடை என்ன? தேர்வுக்குத் தேர்வு ஏதோ ஒரு வடிவில் வந்துவிடும் கேள்வி இது. 12 என்று எழுதினால் இரண்டு மதிப்பெண். சி மொழியின் தர ஆவணத்தைப் புரட்டிப் பார்த்தால் இதற்கு விடையே கிடையாது. ஒரே கோவைக்குள் (எக்ஸ்பிரஷனுக்குள்) ஒரு மாறியை, எது முந்தி எது பிந்தி என்ற வரிசை இல்லாமல் இரண்டு முறை மாற்றினால் கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) என்ன செய்தாலும் குற்றமில்லை என்று 1989-இல் வந்த முதல் தரமே சொல்லிவிட்டது. 12 என்பது ஏதோ ஒரு கம்பைலர் தந்த விடை. மொழி தந்தது அல்ல. ஜிசிசி என்ற கம்பைலரில் ‘டபிள்யூ ஆல்’ என்ற எச்சரிக்கைத் தெரிவைப் போட்டு இந்த வரியைக் கம்பைல் செய்து பாருங்கள், வார்னிங் வரும். கம்பைலரே கையை விரிக்கும் வரிக்கு நம் மாணவர் மனப்பாடமாக விடை வைத்திருக்கிறார்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். வகுப்பில் முழு சி-யையும் சொல்லிக்கொடுங்கள். ஆய்வகத்தில் எழுத மட்டும் அதில் ஒரு பகுதியை, அதாவது ஒரு சப்செட்டை, வரையறுத்துக் கொடுங்கள். அதை ஆசிரியரின் கண்ணல்ல, இயந்திரம் சரிபார்க்கட்டும். கூடவே, இப்படிப்பட்ட சப்செட்டுகள் மொழிகளையே எப்படி மாற்றின என்று கோட்பாட்டுத் தாளில் ஒரு அலகு வையுங்கள்.

இது நாங்கள் கண்டுபிடித்த யோசனை அல்ல. வாகன மென்பொருளுக்காக பிரிட்டனில் மிஸ்ரா சி விதிகள் 1998-இல் வந்தன; அப்போது 127 விதிகள். 2012 பதிப்பில் 143 விதிகளும் 16 நெறிகளும். வாகனப் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 26262 தரம் ஏ முதல் டி வரை நான்கு படிகளுக்கும் மொழியின் சப்செட்டைப் பயன்படுத்தும்படி வலுவாகப் பரிந்துரைக்கிறது. நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜெரார்ட் ஹோல்ஸ்மன் 2006-இல் பத்தே விதிகளோடு ஒரு பட்டியல் வெளியிட்டார். நூற்றுக்கணக்கில் விதி இருந்தால் யாரும் பார்ப்பதில்லை, பத்து என்றால் மனதில் நிற்கும் என்பது அவர் கணக்கு. கல்லூரி ஆய்வகத்துக்கு அந்தக் கணக்குதான் பொருந்தும் என்பது எங்கள் கருத்து.

விதி எதற்கு என்று விளங்க ஒரே ஒரு வரியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தண்ணீர்த் தொட்டியில் குளோரின் கலக்கும் சின்ன பம்ப். எத்தனை விநாடி ஓட வேண்டும் என்பது குறியற்ற (எதிர்ம எண் வைக்காத) 16 பிட் மாறியில் இருக்கிறது. நேரத்தை மில்லிவிநாடியாக மாற்ற அதை 1000-ஆல் பெருக்கி, குறியற்ற 32 பிட் மாறியில் போடுகிறார் மாணவர். விடை வைக்கும் பாத்திரம் பெரியது, அதனால் வழியாது என்பது அவர் நினைப்பு. மடிக்கணினியில் ஓட்டினால் சரியாகத்தான் வரும். ஆர்டுவினோ ஊனோ என்ற பயிற்சிப் போர்டில் உள்ள ஏடிமெகா328பி சில்லில் ‘இன்ட்’ என்ற சாதாரண முழு எண் வகை 16 பிட். பெருக்கல் முதலில் 16 பிட்டிலேயே நடந்து முடிகிறது. அதற்குப் பிறகுதான் 32 பிட் பாத்திரத்துக்குப் போகிறது. 65 விநாடி கொடுத்தால் 65000, 65535-க்குள் அடங்கும். 66 கொடுத்தால் 66000-இலிருந்து 65536 கழிந்து 464 மட்டும் மிஞ்சும். பம்ப் அரை விநாடி கூட ஓடாது. 70 கொடுத்தால் 4464, அதாவது நாலரை விநாடி. சோதனை பார்ப்பவர் 5, 10, 30, 60 என்று கொடுத்துப் பார்த்துவிட்டு ‘ஓகே’ போட்டிருப்பார்.

இதில் கவனிக்க வேண்டியது, ஜிசிசி இதற்கு எந்த வார்னிங்கும் தருவதில்லை. ‘டபிள்யூ எக்ஸ்ட்ரா’, ‘டபிள்யூ கன்வர்ஷன்’ இரண்டையும் போட்டாலும் வாய் திறக்காது. சின்ன அளவிலிருந்து பெரிய அளவுக்குப் போவதை அது பாதுகாப்பான மாற்றமாகவே பார்க்கிறது. மிஸ்ராவின் 10.6 விதி இந்த இடத்துக்கென்றே எழுதப்பட்டது: கூட்டிப் பெருக்கி வந்த கோவையின் மதிப்பை அதைவிட அகலமான வகையில் நேராகப் போடக்கூடாது. போட வேண்டுமானால் பெருக்குவதற்கு முன்பே ஒரு பக்கத்தை 32 பிட்டாக மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றத்தைப் பெருக்கலுக்கு முன் எழுதுவதா பின் எழுதுவதா என்ற ஒரு அடைப்புக்குறி வித்தியாசத்தில்தான் பம்ப் ஓடுவதும் நிற்பதும் இருக்கிறது.

இதே குடும்பத்தில் இன்னொன்று. 8 பிட் மாறியில் 90. அதன் பிட்டுகளைப் புரட்டி, நான்கு இடம் வலப்பக்கம் தள்ளி, மறுபடி 8 பிட் மாறியிலேயே வைக்கிறோம். 90-ஐப் புரட்டினால் 165, தள்ளினால் 10 என்று தாளில் வரும். போர்டில் 250 வரும். புரட்டும் முன்பே மதிப்பு ‘இன்ட்’ அளவுக்கு ஏறிவிட்டது. மேல் பிட்டுகள் எல்லாம் ஒன்றாகிக் கீழே இறங்கி வந்தன. ‘இன்டிஜர் புரமோஷன்’ என்று இரண்டு வரியில் கடந்துபோகும் பாடம் இதுதான். ஆய்வகத்தில் ஒரு முழு வகுப்பையே இதற்குக் கொடுக்கலாம்.

கடலூரின் எஸ்டிடி எண்ணை 04142 என்று சி நிரலில் ஓர் எண்ணாக எழுதிப் பாருங்கள்: 2146 ஆகிவிடும். புதுச்சேரியின் 0413, 267 ஆகும். முன்னால் பூஜ்யம் போட்டால் எட்டடிமான (எட்டை அடியாகக் கொண்ட) எண் என்பது சி-யின் பழைய வழக்கம். மிஸ்ரா 7.1 அதைத் தடுக்கிறது. பைத்தான் 3 இதை ஏற்றுக்கொள்வதே இல்லை.

அடுத்தது நினைவகம். ஊனோவில் ரேம் 2048 பைட். ஃபங்ஷன் தன்னைத்தானே அழைக்கக்கூடாது என்று சொன்னால், ‘ரிகர்ஷன் அழகானதாயிற்றே’ என்று மாணவர் கேட்பார். அழகானதுதான். ஆனால் அதைத் தடுப்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஜிசிசி-யில் ‘எஃப் ஸ்டாக் யூசேஜ்’ போட்டால் ஒவ்வொரு ஃபங்ஷனும் எத்தனை பைட் ஸ்டாக் (அழைக்கும்போது எடுத்து, முடிந்ததும் விடும் ரேம்) எடுக்கிறது என்று தனிக் கோப்பில் எழுதித் தரும். யார் யாரை அழைக்கிறார் என்ற மரத்தை வரைந்து, நீளமான கிளையில் உள்ள பைட்டுகளைக் கூட்டுங்கள். ஒவ்வோர் அழைப்புக்கும் திரும்பும் முகவரிக்கு 2 பைட் வேண்டும்; கோப்பின் கணக்கில் அது சேரவில்லை என்றால் சேருங்கள். அதற்கு மேல், நிரலை இடைமறித்து ஓடும் இன்டரப்ட் எடுப்பதையும் சேருங்கள். இதுதான் இந்த நிரல் எடுக்கக்கூடிய உச்ச ஸ்டாக். மரத்தில் ஒரு வளையம் இருந்தாலும் இந்தக் கூட்டல் முடியாது. ரிகர்ஷனைத் தடுப்பது இந்தக் கூட்டலைச் செய்து முடிக்கத்தான். கூட்டியது சரியா என்று பார்க்க, தொடக்கத்தில் காலி ரேம் முழுவதும் ஒரே எண்ணை நிரப்பிவிட்டு, சில மணி நேரம் ஓடியபின் அந்த எண் எதுவரை அழிந்திருக்கிறது என்று பார்க்கலாம். இரண்டையும் ஒரே ஆய்வக வகுப்பில் செய்துவிடலாம்.

ஓடும்போதே நினைவகம் கேட்டு வாங்கும் ‘மால்லாக்’ ஃபங்ஷனுக்கான தடையும் அப்படித்தான். 1000 பைட் இடத்தில் 100 பைட்டாகப் பத்துத் துண்டு எடுங்கள். ஒன்றுவிட்டு ஒன்றைத் திருப்பிக் கொடுங்கள். 500 பைட் காலி. 150 பைட் கேட்டால் கிடையாது. இரண்டு நாள் ஒழுங்காக ஓடிய கருவி மூன்றாம் நாள் இரவில் நிற்பதற்கு இது ஒன்றே போதும்.

தடை போடுவதில் ஒரு பெரிய பள்ளமும் உண்டு. மாற்றுவழி சொல்லாமல் தடுத்தால் தடுத்ததைவிட மோசமானது வரும். மால்லாக் கூடாது என்றால் கெட்டிக்கார மாணவர் 1000 பைட் அரே ஒன்றை வைத்து அதற்குள் சொந்தமாக ஒரு மால்லாக் எழுதிவிடுவார். விதிகளைச் சரிபார்க்கும் செக்கர் ஒன்றும் சொல்லாது, ஆபத்து அப்படியே இருக்கும். தடையோடு சேர்த்து மாற்றையும் கொடுங்கள்: ஒரே அளவுள்ள துண்டுகளின் தொகுப்பு, 32 பைட்டில் எட்டு, மொத்தம் 256 பைட். எடுப்பதும் திருப்புவதும் எப்போதும் ஒரே அளவு நேரத்தில் முடியும். துண்டாவது என்ற பேச்சே இல்லை. எட்டும் தீர்ந்தால் என்ன செய்வது என்பதை நிரலில் எழுதியாக வேண்டும், அது நல்லதுதான்.

அதேபோல், ஃபங்ஷனுக்கு ஒரே ஒரு ‘ரிட்டர்ன்’ என்ற விதியை ஆய்வகத்தில் வைக்க வேண்டாம் என்பது எங்கள் வேண்டுகோள். மிஸ்ரா 2012-இல் அது வெறும் ஆலோசனை விதி. நடைமுறையில் அது என்ன செய்கிறது? உள்ளீடு தவறா, வெளியே போ என்று முதல் வரியிலேயே முடிய வேண்டியது, ஐந்தடுக்கு ‘இஃப்’-ஆக உள்ளே உள்ளே போகிறது. கூடவே ‘சரியா’ என்றொரு கொடி மாறி ஃபங்ஷன் முழுவதும் அலைகிறது. எங்களுக்குள்ளேயே இதில் கருத்து வேறுபாடு உண்டு. பெரும்பான்மை சொல்வதை எழுதியிருக்கிறோம்.

இன்னொரு கெட்ட பழக்கம், வார்னிங்கை வாயடைக்க ‘காஸ்ட்’ (வகையை வலிந்து மாற்றும் குறி) போடுவது. மேலே சொன்ன பெருக்கலில் விடையை 32 பிட்டுக்குக் காஸ்ட் செய்துவிட்டால் ‘தெரிந்துதான் செய்தேன்’ என்று மாணவர் சொல்லலாம். பம்ப் அப்போதும் 464 மில்லிவிநாடிதான். காஸ்ட் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணம் எழுதவில்லையென்றால் மதிப்பெண் கிடையாது என்று வைத்துவிடுங்கள்.

விதியை மீறவே கூடாதா? மீறலாம், மறைக்கக்கூடாது. மிஸ்ரா விதிகள் மூன்று வகை: கட்டாயம், தேவை, ஆலோசனை. கட்டாய விதிக்கு விலக்கு இல்லை. தேவை விதிக்கு எழுத்துப்பூர்வமாக விலக்கு எடுக்கலாம்: எந்த விதி, எந்தக் கோப்பில் எந்த வரி, ஏன், பதிலுக்கு என்ன சோதனை. நான்கே வரி. ரெக்கார்ட் நோட்டில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வேலைக்கு வரும் இளைஞருக்குத் தெரியாமல் இருப்பது விதிகள் அல்ல, இந்த நான்கு வரிதான்.

இனி, இயந்திரம் சரிபார்க்க வேண்டும் என்று ஏன் அழுத்திச் சொல்கிறோம் என்பது. ‘கவனமாக எழுதுக’ என்பது விதியல்ல. வெண்பாவில் கனிச்சீர் வரக்கூடாது என்பது விதி. தளை தட்டினால் யார் வேண்டுமானாலும் விரல் வைத்துக் காட்டலாம், மென்பொருளும் காட்டும். மிஸ்ரா 2012 தன் விதிகளையே இப்படிப் பிரித்து வைத்திருக்கிறது: எந்த நிரலைக் கொடுத்தாலும் மீறியதா இல்லையா என்று உறுதியாகத் தீர்மானிக்க முடிந்தவை ஒரு பக்கம், முடியாதவை மறுபக்கம். எட்டடிமான எண் முதல் வகை. மதிப்பு வைக்காத மாறியைப் படிக்கக்கூடாது என்ற 9.1 இரண்டாம் வகை. முக்கியமான விதி, கட்டாய விதி, ஆனால் எந்தக் கருவியாலும் எல்லா நிரலுக்கும் தப்பாமல் விடை சொல்ல முடியாது.

மொழி வடிவமைப்பு இங்கேதான் உள்ளே வருகிறது. ஜாவா இதே விதியை எடுத்துக்கொண்டு கொஞ்சம் கெடுபிடியாக்கியது: எல்லா வழியிலும் மதிப்பு வைத்தாயிற்று என்று கம்பைலருக்குத் தெரியாவிட்டால் நிரலே கம்பைல் ஆகாது. உண்மையில் தீங்கில்லாத சில நிரல்களும் இதில் அடிபடும். அந்த நஷ்டத்தை ஒப்புக்கொண்டதால், தீர்மானிக்க முடியாத விதி தீர்மானிக்க முடிந்ததாகிவிட்டது. சப்செட்டில் வெளியே நின்ற காவல்காரரை மொழி வீட்டுக்குள் குடிவைத்த கதை இது.

முதலில் சொன்ன ‘++’-ஐயே எடுங்கள். மிஸ்ரா அதை வேறு விளைவுள்ள கோவைக்குள் கலக்காதே என்கிறது. ஜாவா, இடமிருந்து வலம் என்று வரிசையை நிலைநாட்டிவிட்டது. அங்கே உங்கள் கேள்விக்கு 12 என்பது சரியான விடை. கோ மொழி ‘++’-ஐ வைத்துக்கொண்டது, ஆனால் தனி வரியாக மட்டும், கோவைக்குள் வராது. ரஸ்ட்டில் அது இல்லவே இல்லை. ஸ்விஃப்ட்டில் இருந்தது, 2016-இல் மூன்றாம் பதிப்பில் எடுத்துவிட்டார்கள். நான்கு மொழி, ஒரே தொல்லைக்கு நான்கு மருந்து. தேர்வில் கேட்க வேண்டியது இதைத்தான்.

2014 பிப்ரவரியில் ஆப்பிள் திருத்தம் வெளியிட்ட ‘கோட்டூ ஃபெயில்’ பிழையும் அப்படியே. அடைப்பு இல்லாத ‘இஃப்’-க்குக் கீழே ஒரே வரி இரண்டு முறை வந்துவிட்டது. இரண்டாவது எந்த நிபந்தனைக்கும் கட்டுப்படாமல் ஓடி, பாதுகாப்புச் சோதனையின் முக்கியமான பகுதியைத் தாண்டிப் போய்விட்டது. ஒற்றை வரிக்கும் அடைப்பு போடு என்ற மிஸ்ரா 15.6 பழைய விதிதான். கோ, ரஸ்ட், ஸ்விஃப்ட் மூன்றிலும் அடைப்பு இலக்கணத்திலேயே கட்டாயம்.

சப்செட்டே வேண்டாம் என்று அடம்பிடித்த மொழியும் உண்டு. அடா 1983-இல் தரமானபோது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, முழு மொழியையும் கொண்டிராத கம்பைலர் அடா என்றே சொல்லிக்கொள்ளக்கூடாது என்று பெயரை வணிகக்குறியாக வைத்திருந்தது. நோக்கம் நல்லது: ஆளுக்கொரு வட்டார வழக்கு கிளம்பாமல் தடுப்பது. ஆனால் விமானத்துக்கும் ரயிலுக்கும் எழுதியவர்களுக்கு முழு அடாவையும் சரிபார்த்து முடிக்க வழியில்லை. அடா 95-இல், இந்த நிரலில் இன்னின்ன வசதி பயன்படாது என்று நிரலிலேயே அறிவிக்கும் வசதி வந்தது. மீறினால் கம்பைலரே நிறுத்தும். 1997-இல் யார்க்‌ஷயர் கடற்கரையில் ரேவன்ஸ்கார் என்ற சிற்றூரில் கூடியவர்கள், டாஸ்க்குகளுக்கான (ஒரே நேரத்தில் ஓடும் பணிகளுக்கான) கட்டுப்பாடுகளைத் தொகுத்தார்கள். ஊர்ப் பெயரே தொகுப்புக்கும் நின்றது. அடா 2005 தரத்தில் அது இடம்பிடித்தது. ஸ்பார்க் என்ற சப்செட் இன்னும் ஒருபடி மேலே. முன்நிபந்தனை, பின்நிபந்தனைகளைக் கமென்ட்டுக்குள் எழுதிவந்தது. அடா 2012 அவற்றை மொழிக்குள்ளேயே கொண்டுவந்தபோது, ஸ்பார்க் 2014 கமென்ட்டை விட்டுவிட்டு அதற்கு மாறிக்கொண்டது. பாயின்டரை (நினைவக முகவரியைச் சுட்டும் மாறியை) நெடுங்காலம் ஒதுக்கிவைத்த ஸ்பார்க், ரஸ்ட் காட்டிய, ஒரு மதிப்புக்கு ஒரே உரிமையாளர் என்ற முறையைப் பார்த்தபிறகு அதே வழியில் பாயின்டருக்குக் கதவைத் திறந்தது. சரிபார்க்கும் முறை கிடைத்ததும் தடை தளர்ந்தது.

ஜாவாஸ்கிரிப்ட்டில் தளர்வான பழக்கங்களைத் தடுக்க 2009-இல் வந்த ‘ஸ்ட்ரிக்ட்’ முறை, விருப்பம் இருந்தால் போட்டுக்கொள் என்ற அளவில்தான் தொடங்கியது. 2015-இல் மாட்யூலும் கிளாஸும் வந்தபோது அவற்றுக்குள் ஸ்ட்ரிக்ட்டைத் தவிர வேறு வழியில்லை என்று ஆக்கிவிட்டார்கள். பழைய வலைப்பக்கங்கள் உடையாமல், புது வாசலில் மட்டும் புது விதி. 2013-இல் மொசில்லா கொண்டுவந்த ஏஎஸ்எம்.ஜேஎஸ், எண்களைத் தவிர ஏறக்குறைய எதுவும் இல்லாத ஜாவாஸ்கிரிப்ட் சப்செட்; முழு எண் கோவைகளின் வாலில் பூஜ்யத்தோடு பிட்வாரியான ‘ஆர்’ போட்டு ‘இது முழு எண்’ என்று சைகை காட்டும். பார்க்க அருவருப்பாக இருக்கும். ஆனால் பிரவுசருக்குள் வேகமாக ஓட முடியும் என்று அது காட்டிய பிறகுதான் 2017-இல் வெப்அசெம்பிளி என்ற கீழ்மட்ட நிரல் வடிவம் முக்கிய பிரவுசர்களுக்கு வந்தது.

தோற்றதையும் சொல்லிக்கொடுங்கள். 1990-களில் ஜப்பானிய சில்லு நிறுவனங்கள் எம்பெடட் சி++ என்று ஒன்றை வகுத்தன. டெம்ப்ளேட் (பல வகைக்கும் ஒரே அச்சு), எக்செப்ஷன் (பிழை கையாளும் முறை), நேம்ஸ்பேஸ் (பெயர்ப் பிரிவு) எல்லாவற்றையும் வெட்டினார்கள். எக்செப்ஷனை வெட்டியதில் நியாயம் உண்டு, அது இடம் எடுக்கும். நேம்ஸ்பேஸ் ஒரு பைட் கூட எடுக்காது. டெம்ப்ளேட் கம்பைல் ஆகும்போதே விரிந்துவிடும். அளந்து பார்த்து வெட்டாமல் பயந்து வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம். மொழி முன்னேறியபோது அந்த சப்செட்டில் இருந்தவர்கள் பின்தங்கினார்கள்.

நடைமுறைக்கு வருகிறோம். ஆர்டுவினோ ஸ்கெட்ச் கோப்பு சி++ என்பதை மறக்க வேண்டாம். சி விதிகள் அதற்குச் செல்லாது. ஊனோவின் சில்லுக்கான ஏவிஆர் ஜிசிசி-யை நேராக வைத்து, புள்ளி சி கோப்பாகவே எழுதச் சொல்லுங்கள். ‘டபிள்யூ ஆல்’, ‘டபிள்யூ எக்ஸ்ட்ரா’, ‘டபிள்யூ கன்வர்ஷன்’, ‘டபிள்யூ எரர்’ நான்கும் மேக்ஃபைலில் (கம்பைல் கட்டளைகளின் கோப்பில்) முதல் நாளே இருக்கட்டும்; செமஸ்டர் நடுவில் சேர்த்தால் நூற்றுக்கணக்கில் வார்னிங் கொட்டி எல்லோரும் வெறுத்துவிடுவார்கள். சிபிபிசெக் என்ற செக்கர் இலவசம், மிஸ்ரா ஆட்ஆன் அதிலேயே உண்டு. ஆனால் விதிகளின் வாசகம் உரிமைக்கு உட்பட்டது என்பதால் தன்னளவில் விதி எண்ணை மட்டும்தான் காட்டும். விதிநூலைத் துறை விலை கொடுத்து ஒரு பிரதி வாங்க வேண்டும். பத்து விதிகளை உங்கள் சொந்த வாக்கியத்தில், தமிழில், காரணத்தோடு எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: அளவு சொல்லும் எண் வகைகள் மட்டும், எல்லா ‘இஃப்’-க்கும் அடைப்பு, ஒவ்வொரு ‘கேஸ்’ முடிவிலும் ‘பிரேக்’ போட்டுக் கடைசியில் ‘டிஃபால்ட்’, ரிகர்ஷன் இல்லை, மால்லாக் இல்லை, ‘++’ தனி வரியில், எட்டடிமான எண் இல்லை, எல்லை தெரிந்த லூப், திரும்பி வரும் மதிப்பைப் பார்க்காமல் விடக்கூடாது, அகலமான வகைக்குப் போகும் முன்பே மாற்றம்.

மதிப்பெண் பிரிப்பில், செக்கர் சுத்தமாக வருவதற்கு ஒரு பங்கு, விலக்குப் பக்கத்துக்கு ஒரு பங்கு. பம்ப் பயிற்சியை 65-க்கும் 66-க்கும் ஓட்டிக் காட்டாத ரெக்கார்டுக்குக் கையெழுத்து வேண்டாம்.

பத்து விதிகளின் தமிழ் வரைவு, மேக்ஃபைல், ‘ஐ++ + ++ஐ’-க்குப் பதிலாகக் கேட்கத்தக்க இருபது கேள்விகள் ஆகியவற்றை எழுதித் தர ஆயத்தமாக இருக்கிறோம். அடுத்த பாடத்திட்டக் கூட்டத்தின் பொருள் நிரலில் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கித் தாருங்கள். போர்டையும் பம்ப்பையும் நாங்களே கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
புதுச்சேரி – கடலூர் வட்டார எம்பெடட் நிரலாளர்கள் சிலர்